டிராயரைத் திறந்து பார்த்த கதை

கேள்வி இது: "தமிழ் வழியில் பி.காம். படித்தேன். அடுத்த மாதம் ஒரு வங்கிக் கிளையில் வேலைக்குச் சேரப் போகிறேன். இன்சூரன்ஸ் பாலிசிகளும் பார்க்க வேண்டியிருக்கும் என்கிறார்கள். இந்தத் துறைக்கான ஆங்கிலச் சொற்களை எப்படிக் கற்பது? ஐந்நூறு சொற்கள் உள்ள ஒரு பட்டியலை மனப்பாடம் செய்ய ஆரம்பித்தேன். நூறைத் தாண்ட முடியவில்லை."

முதலில் அந்தப் பட்டியலை ஓரமாக வையுங்கள். நூறைத் தாண்டாதது உங்கள் குற்றமில்லை. ஆங்கில அகரவரிசையில் அடுக்கினால் 'அக்ரூவல்' பக்கத்தில் 'ஆக்சுவரி' வந்து உட்காரும். இரண்டுக்கும் ஒட்டும் கிடையாது, உறவும் கிடையாது. மனதில் எங்கே போய் நிற்கும்?

நானும் தமிழ் வழிதான். 1986-இல் ஒரு வங்கியில் கிளார்க்காகச் சேர்ந்தேன். இரண்டாவது வாரம், கிளியரிங்கில் திரும்பி வந்த காசோலை ஒன்றை என் கையில் கொடுத்தார்கள். கூடவே ஒரு துண்டுச் சீட்டு. அதில் வரிசையாகக் காரணங்கள் அச்சாகியிருக்க, 'ரெஃபர் டு டிராயர்' என்ற இடத்தில் டிக் அடித்திருந்தது. டிராயரைப் பார் என்கிறார்கள் போலிருக்கிறது என்று என் மேசை இழுப்பறையைத் திறந்து துழாவினேன். ரப்பர் ஸ்டாம்பும் குண்டூசி டப்பாவும்தான் இருந்தன. அடுத்து அக்கவுண்டன்ட் மேசைக்குப் போனேன். "என்ன தம்பி தேடுறே?" என்றார். சொன்னேன். மனிதர் சிரிக்கவில்லை, அதற்காக இன்றுவரை அவர்மேல் எனக்கு மரியாதை. காசோலையை வாங்கி, கையெழுத்தைச் சுற்றிப் பென்சிலால் ஒரு வட்டம் போட்டார். "இவர்தான் டிராயர். செக்கை எழுதிக் கொடுத்தவர். ஏன் பணம் வரலைன்னு அவர்கிட்டயே கேட்டுக்கோங்கன்னு அந்த பேங்க் நாசூக்கா சொல்லுது." பிறகு மேலே அச்சாகியிருந்த வங்கிப் பெயரைத் தொட்டு, "இது டிராயி, பணம் கொடுக்க வேண்டிய பேங்க்" என்றார். 'பே' என்ற சொல்லுக்குப் பின்னால் எழுதியிருந்த பெயரைத் தொட்டு, "இவர் பேயி, பணம் வாங்குறவர்."

ஒரே தாளில் மூன்று சொற்கள். வேலையை விட்டு ஓய்வு பெற்றும் அவை மறக்கவில்லை. அந்தத் துண்டுச் சீட்டை ஒருநாள் முழுக்கப் படித்தபோது இன்னும் ஏழெட்டு கிடைத்தன. 'ஃபண்ட்ஸ் இன்சஃபிஷியன்ட்' என்றால் கணக்கில் போதிய பணம் இல்லை. 'எக்சீட்ஸ் அரேஞ்மென்ட்' என்றால் அவருக்கு ஓவர்டிராஃப்ட் ஏற்பாடு (கணக்கில் இருப்பதைவிடக் கூடுதலாக எடுக்கும் வசதி) உண்டு, ஆனால் இந்தக் காசோலை அந்த வரம்பைத் தாண்டுகிறது. 'டிராயர்ஸ் சிக்னேச்சர் டிஃபர்ஸ்' என்றால் கையெழுத்து ஒத்துப்போகவில்லை. தேதி தாண்டிய காசோலை 'ஸ்டேல்', ஊசிப்போன சாப்பாட்டுக்குச் சொல்லும் அதே சொல். அப்போதெல்லாம் ஆறு மாதம் வரை செல்லும். 2012 ஏப்ரல் முதல் மூன்று மாதம்தான்.

கவனித்தீர்களா, இதில் ஒன்றுகூடக் கடினமான ஆங்கிலச் சொல் இல்லை. கஷ்டமே அங்கேதான். அகராதியில் நமக்கு ஏற்கெனவே தெரிந்த சொல், வங்கிக்குள் வந்ததும் வேறு முகம் காட்டும். 'ஹானர்' என்றால் மரியாதை. ஒரு காசோலையை ஹானர் செய்தார்கள் என்றால் பணம் கொடுத்துவிட்டார்கள். 'டிஸ்ஹானர்' ஆனால் திரும்பிவிட்டது. 1881-ஆம் வருடத்து மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138-ஆம் பிரிவு பேசுவது இந்த டிஸ்ஹானரைத்தான். 'செக்யூரிட்டி' என்றால் வாசலில் நிற்பவர் இல்லை, கடனுக்கு ஈடாகக் கொடுத்த சொத்து. அதையே பன்மையில் 'செக்யூரிட்டீஸ்' என்றால் பங்கு, பத்திரம் முதலியவை. 'இன்ஸ்ட்ருமென்ட்' கருவி இல்லை, காசோலை, டிடி, புரோநோட்டு மாதிரியான ஆவணம். ஆகவே தெரியாத சொல்லைக் கண்டு பயப்பட வேண்டாம், அதை எப்படியும் அகராதியில் தேடிவிடுவீர்கள். தெரிந்த சொல் பொருந்தாத இடத்தில் வந்தால் அங்கே நில்லுங்கள். நான் தேடாமல் விட்டது 'டிராயர்' என்ற தெரிந்த சொல்லைத்தான்.

அடுத்தது வால் பார்க்கும் பழக்கம். சொல்லின் முடிவில் 'அர்' வந்தால் செய்பவர், 'ஈ' வந்தால் பெறுபவர். உரிமையை மாற்றித் தருபவர் அசைனர், பெறுபவர் அசைனி. குத்தகைக்கு விடுபவர் லெஸ்ஸர், எடுப்பவர் லெஸ்ஸி. சுலபம்தான், ஆனால் மார்ட்கேஜில், அதாவது வீடு, நிலத்தை அடமானம் வைப்பதில், 'மார்ட்கேஜர்' யார் என்று கேட்டால் புதிதாகச் சேர்ந்தவர்களில் பாதிப் பேர் வங்கி என்பார்கள். கடன் கொடுப்பது வங்கி அல்லவா என்ற எண்ணம். வங்கி கொடுப்பது கடனை. மார்ட்கேஜைக் கொடுப்பவர் வாடிக்கையாளர். ஆகவே அவர்தான் மார்ட்கேஜர், வங்கி மார்ட்கேஜி. யார் எதைக் கொடுக்கிறார் என்று ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தால் குழப்பம் போய்விடும்.

கிரெடிட், டெபிட்டும் இதே மாதிரிதான். பி.காம். படித்த உங்களுக்கே இது இடறும், ஏனென்றால் வகுப்பில் 'உள்ளே வருவதைப் பற்று வை' என்று சொல்லிக் கொடுத்திருப்பார்கள். நீங்கள் வங்கியில் ஆயிரம் ரூபாய் போட்டால் உங்கள் பேரேட்டில் வங்கிக் கணக்கு பற்று ஆகும். பாஸ்புக்கில் மட்டும் அது கிரெடிட் என்று வருகிறதே, ஏன்? பாஸ்புக் உங்கள் நோட்டு இல்லை. வங்கியின் பேரேட்டிலிருந்து உங்களுக்குக் கொடுத்த நகல். வங்கியின் கண்ணில் உங்கள் ஆயிரம் ரூபாய் அது திருப்பித் தர வேண்டிய கடன். இந்த ஒரு விஷயம் பிடிபட்டால் 'டெபிட் பேலன்ஸ்' என்ற சொல்லைப் பார்த்ததும் கணக்கில் பணம் இருக்கிறது என்று வாடிக்கையாளரிடம் சொல்லி மாட்டிக்கொள்ள மாட்டீர்கள். சேமிப்புக் கணக்கில் டெபிட் பேலன்ஸ் என்றால் அவர் வங்கிக்குத் தர வேண்டியிருக்கிறது.

சரி, இனி நம் வீட்டுச் சொற்களுக்கு வருவோம். நம்மில் பலர் நினைப்பதுபோல் இந்தத் துறை நமக்குப் புதிது ஒன்றும் இல்லை. கடன், வட்டி, ஈடு பற்றித் தமிழில் பேச்சு வழக்கு அவ்வளவு செழிப்பு. அதில் ஆங்கிலச் சொல்லைக் கொண்டுபோய்க் கட்டினால் போதும். ஆனால் கட்டும் இடம் சரியாக இருக்க வேண்டும்.

வட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். ஊரில் 'ரெண்டு ரூபா வட்டி' என்பார்கள். நூறு ரூபாய்க்கு, மாதத்துக்கு இரண்டு ரூபாய். வங்கி பேசுவது 'பெர் ஆனம்', அதாவது வருடத்துக்கு. ரெண்டு ரூபா வட்டி என்றால் 24 சதவீதம் பெர் ஆனம். எட்டணா வட்டி என்றால் 6 சதவீதம். கிளைக்கு வரும் பெரியவர் ஒருவர் "நகைக் கடனுக்கு ஒன்பதா? அநியாயமா இருக்கே, வெளியில ரெண்டுதானே" என்று கேட்டால் சிரிக்காதீர்கள். அவர் மாதக் கணக்கில் கேட்கிறார், நீங்கள் வருடக் கணக்கில் சொல்கிறீர்கள். இதே குடும்பத்தில் கவனிக்க வேண்டிய இன்னொரு சொல் 'ஃப்ளாட்'. ஒரு லட்சம் கடன், 10 சதவீதம் ஃப்ளாட், மூன்று வருடம் என்றால் மொத்த வட்டி 30,000. மாதத் தவணை 3,611 ரூபாய். மாதாமாதம் அசல் குறைந்துகொண்டே வந்தாலும் வட்டி முழு லட்சத்துக்கும் போட்டுவிட்டார்கள். இதையே 'ரெட்யூசிங் பேலன்ஸ்' முறையில் கணக்கிட்டால் ஏறக்குறைய 18 சதவீதம் வரும். ஒரே தொகை, ஒரே தவணை, சொல் மட்டும் மாறுகிறது. வண்டிக் கடன் விளம்பரம் பார்க்கும்போது அந்தச் சின்ன எழுத்தைத் தேடுங்கள்.

அடமானம் என்ற சொல்லில்தான் நாம் கொஞ்சம் சோம்பேறித்தனம் காட்டுகிறோம். நகையை வைத்தாலும் அடமானம், வண்டிக்கும் அடமானம், வீட்டுக்கும் அடமானம். ஆங்கிலத்தில் இவை மூன்று. நகை வங்கியின் பெட்டகத்துக்குப் போய்விடுகிறது. பொருள் கைமாறினால் 'ப்ளெட்ஜ்', நம் பழைய சொல் அடகு இதற்குக் கச்சிதம். வண்டியோ உங்களிடமே ஓடிக்கொண்டிருக்கும், ஆர்.சி. புத்தகத்தில் மட்டும் வங்கியின் பெயர் ஏறும். இது 'ஹைப்பாதிகேஷன்', வாகனக் கடன் பிரிவில் சுருக்கமாக 'ஹெச்.பி.' என்பார்கள், தவணை முடிந்ததும் 'ஹெச்.பி. கேன்சல்' செய்ய ஆர்.டி.ஓ. அலுவலகம் போவது இதற்காகத்தான். வீடு, நிலம் போன்ற அசையாச் சொத்து என்றால் 'மார்ட்கேஜ்'.

மார்ட்கேஜிலும் வகைகள் உண்டு. 1882-ஆம் வருடத்துச் சொத்து மாற்றச் சட்டத்தின் 58-ஆம் பிரிவு அவற்றை வரிசையாகச் சொல்கிறது. அதில் 'யூசுஃப்ரக்சுவரி மார்ட்கேஜ்' என்று ஒன்று, பேரைக் கேட்டால் நாக்கு சுளுக்கும். விஷயம் என்ன? பணம் கொடுத்தவர் வட்டி வாங்குவதில்லை, அதற்குப் பதில் வீட்டையோ நிலத்தையோ அனுபவித்துக்கொள்கிறார். அட, நம் ஊர் ஒத்தி! சில ஊர்களில் போக்கியம் என்பார்கள். ஒத்திக்கு வீடு பிடித்த எந்தக் குடும்பத்துக்கும் இந்தச் சட்டக் கருத்து அத்துப்படி, ஆங்கிலப் பெயர்தான் தெரியாது. பத்திரத்தை வங்கியில் ஒப்படைத்து வாங்கும் வீட்டுக் கடனும் அதே பிரிவில் இருக்கிறது. தமிழ்நாட்டுக் கிளைகளில் அதற்கு எழுதும் குறிப்பாவணத்தை 'எம்.ஓ.டி.' என்கிறோம், மெமோராண்டம் ஆஃப் டெபாசிட் ஆஃப் டைட்டில் டீட்ஸ். சேர்ந்த முதல் வாரத்திலேயே இந்த மூன்றெழுத்து காதில் விழும்.

ஆனால் தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குப் போகும்போது என்னை அதிகம் சோதித்த சொல் 'தள்ளுபடி'. ஆடி மாதம் துணிக்கடை கொடுப்பது தள்ளுபடி, ஆங்கிலத்தில் 'டிஸ்கவுண்ட்'. நீதிமன்றம் மனுவைத் தள்ளுபடி செய்தால் 'டிஸ்மிஸ்'. 2021 பிப்ரவரியில் தமிழ்நாடு அரசு கூட்டுறவு வங்கிப் பயிர்க்கடன் 12,110 கோடி ரூபாயைத் தள்ளுபடி செய்தது, அது 'வெய்வர்'. விவசாயி இனிக் கட்ட வேண்டாம். வங்கிகள் இத்தனை ஆயிரம் கோடி கடனைத் தள்ளுபடி செய்தன என்று பேப்பரில் வரும் செய்தியோ பெரும்பாலும் 'ரைட்-ஆஃப்'. இது முற்றிலும் வேறு. வராத கடனுக்கு முழுமையாக ஒதுக்கீடு செய்துவிட்டு, இருப்புநிலைக் குறிப்பிலிருந்து வங்கி அதை எடுத்துவிடுகிறது. கடன் வாங்கியவர் இன்னும் கடன்காரர்தான். நோட்டீஸ் போகும், வழக்கு நடக்கும், சொத்து ஏலத்துக்கு வரும், வசூலான பணம் லாபக் கணக்கில் சேரும். வெய்வரையும் ரைட்-ஆஃபையும் ஒரே தமிழ்ச் சொல்லால் எழுதி எழுதி, டீக்கடையில் எத்தனை சண்டை! எழுதித் தொலைத்தாலும் வாங்கினவன் தப்ப முடியாது என்று நான் சொன்னால், "பேங்க்காரன் அப்படித்தான் சொல்வான்" என்பார்கள். என்னைக் கேட்டால் ரைட்-ஆஃபுக்குக் 'கணக்கு நீக்கம்' என்று எழுதலாம். யாரும் கேட்பதில்லை. இவற்றின் தம்பி ஒருவன் உண்டு, 'ஹேர்கட்'. நூறு கோடி வர வேண்டிய இடத்தில் முப்பதை வாங்கிக்கொண்டு தீர்த்துக்கொண்டால் வங்கிக்கு எழுபது சதவீதம் ஹேர்கட். 2016-இல் திவால் சட்டம் வந்த பிறகு இந்தச் சொல் செய்திகளில் அடிக்கடி தலைகாட்டுகிறது. முடி வெட்டுவது வங்கிக்குத்தான் என்பதை மறக்காதீர்கள்.

இப்படி ஒரு நோட்டுப் போடுங்கள். இடது பக்கம் ஒரு தமிழ்ச் சொல், வலது பக்கம் அதற்கு எத்தனை ஆங்கிலச் சொற்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு சம்பவம். 'ஜாமீன்' என்று எழுதிப் பாருங்கள். பெயிலும் வரும், கியாரண்டியும் வரும், ஷ்யூரிட்டியும் வரும். 'தவணை'க்கு இன்ஸ்டால்மென்ட், டர்ம், டியூ. நான் பார்த்த எந்த ஆங்கிலப் பட்டியலையும்விட இது பயன்பட்டது.

காசு பற்றி ஒரு சின்ன இடைச்செருகல். 'கேஷ்' என்ற ஆங்கிலச் சொல்லே நம் காசிலிருந்து வந்தது என்று யாராவது மார்தட்டுவார்கள். பாதி உண்மை. பணப்பெட்டியைக் குறித்த பிரெஞ்சு, இத்தாலியச் சொல்லிலிருந்து வந்த கேஷ்தான் இன்று வங்கியில் புழங்குவது. ஆசியச் சிறு நாணயங்களுக்கு வழங்கிய இன்னொரு கேஷ், போர்ச்சுகீசியர் வழியாகப் போன நம் காசு. எழுத்தில் இரண்டும் ஒன்று, வம்சம் வேறு.

இன்சூரன்ஸுக்கு வருகிறேன். இங்கே வாடிக்கையாளர் ஏமாறுவதும் சொல்லால்தான், விற்பவர் மாட்டிக்கொள்வதும் சொல்லால்தான். 'ப்ரபோசல்' என்றால் விண்ணப்பம். புதிதாக வந்த பிள்ளைகள் சிரிப்பார்கள், சிரித்துவிட்டு நினைவில் வைத்துக்கொள்வார்கள், நல்லதுதான். 'ரைடர்' என்றால் வண்டி ஓட்டுபவர் இல்லை, அடிப்படைப் பாலிசியின் மேல் சவாரி செய்யும் கூடுதல் பாதுகாப்பு. பிரீமியம் கட்டத் தவறினால் 'கிரேஸ் பீரியட்', மாதம் கட்டுபவருக்கு 15 நாள், மற்றவர்களுக்கு 30 நாள். அதுவும் தாண்டினால் 'லேப்ஸ்', பாலிசி காலாவதி. சில வருடம் கட்டியபின் நிறுத்தினால் குறைந்த தொகைக்குப் பாலிசி உயிரோடு இருக்கும், அது 'பெய்ட்-அப்'. இந்தச் சொல்லைக் கேட்டு, முழுவதும் கட்டி முடித்தாயிற்று என்று நம்பிப் போகிறவர்கள் நிறைய. பாதியில் வேண்டாம் என்று பணம் கேட்டால் 'சரண்டர்'. வாங்கிய உடனே பிடிக்கவில்லை என்றால் சரண்டர் செய்யத் தேவையில்லை, 'ஃப்ரீ லுக்' காலத்தில் திருப்பித் தரலாம், இப்போது 30 நாள். விற்கும்போது இதைச் சொல்லுங்கள், மேலதிகாரி முறைத்தாலும் சொல்லுங்கள்.

மருத்துவப் பாலிசியில் ஒரே ஒரு சொற்றொடரைக் காட்டுகிறேன்: 'ப்ரொப்போர்ஷனேட் டிடக்‌ஷன்'. என் உறவுக்காரர் ஒருவருக்கு அறை வாடகை வரம்பு நாளைக்கு 5,000 ரூபாய். ஆஸ்பத்திரியில் 10,000 ரூபாய் அறையில் படுத்தார். வித்தியாசம் ஐந்தாயிரம்தானே, கையிலிருந்து கட்டிக்கொள்ளலாம் என்று நினைத்தார். பில் வந்தபோது டாக்டர் ஃபீஸ், ஆபரேஷன் தியேட்டர் கட்டணம் எல்லாவற்றிலும் பாதியை வெட்டியிருந்தார்கள். அறை வரம்பு பாதி என்றால், அறையோடு சேர்ந்த செலவுகளும் அதே விகிதத்தில் பாதி. மருந்து, பரிசோதனை போன்றவற்றுக்கு இந்த வெட்டு இல்லை. பாலிசியில் அது ஒரு வரி. அவருக்கு ஆங்கிலம் தெரியாமல் இல்லை, கல்லூரியில் பாடம் நடத்தியவர். இரண்டு சொல்லும் தனித்தனியாகத் தெரியும், சேர்ந்து என்ன செய்யும் என்பது தெரியாது.

இதனால்தான் சொற்களைத் தனியாகப் படிக்காதீர்கள், எந்த வினையோடு வருகிறது என்று சேர்த்து எழுதுங்கள் என்கிறேன். கிளெய்மை 'லாட்ஜ்' செய்வார்கள், அதாவது பணம் கேட்டு விண்ணப்பிப்பார்கள்; நிறுவனம் 'செட்டில்' செய்யும் அல்லது 'ரிப்யூடியேட்' செய்யும், அதாவது தர மறுக்கும். கடனை 'சாங்ஷன்' செய்வது வேறு, 'டிஸ்பர்ஸ்' செய்வது வேறு. முதலாவது ஒப்புதல், இரண்டாவது பணம் கைக்கு வருவது. சாங்ஷன் கடிதத்தைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுத்துத் தவித்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

உச்சரிப்புக்கு அதிகம் கவலைப்பட வேண்டாம். மூன்று சொற்களில் எழுத்து இருக்கும், ஒலி இருக்காது: டெட் என்ற கடன், ரிசீட், மார்கேஜ். நான் மேலே மார்ட்கேஜ் என்று எழுதியது கிளைகளில் எல்லாரும் அப்படிச் சொல்வதால்தான். 'லியன்' (கடனுக்காக வாடிக்கையாளரின் பணத்தையோ பொருளையோ பிடித்து வைக்கும் உரிமை) என்ற சொல்லை அகராதி 'லீன்' என்றும் சொல்லும். கிளையில் எல்லாரும் லியன் மார்க் என்றால் நீங்களும் அப்படியே சொல்லுங்கள். எண்களில் மில்லியன் பத்து லட்சம், பில்லியன் நூறு கோடி, டிரில்லியன் ஒரு லட்சம் கோடி. 25 பேசிஸ் பாயிண்ட் என்றால் கால் சதவீதம். இவற்றை மட்டும் மனப்பாடம் செய்யலாம், பரவாயில்லை.

படிக்க என்ன என்று கேட்பீர்கள். கணக்குத் தொடங்கும் படிவம் நம் மாநிலக் கிளைகளில் தமிழ், இந்தி, ஆங்கிலம் மூன்றிலும் கிடைக்கும். காசு செலவில்லாத இருமொழி அகராதி அது. ஒரு படிவத்தை வீட்டுக்கு எடுத்துப் போய் வரிக்கு வரி ஒப்பிடுங்கள், சில இடங்களில் தமிழைவிட ஆங்கிலமே புரிவதையும் பார்ப்பீர்கள். ரிசர்வ் வங்கி பொதுமக்களுக்காக வெளியிடும் 'ஃபேம்' கையேட்டையும் படியுங்கள், எளிய நடை. ஆறு மாதம் போன பிறகு, வங்கி ஊழியர்களுக்கான ஜே.ஏ.ஐ.ஐ.பி. தேர்வுக்குப் பதிவு செய்யுங்கள். அந்தப் பாடநூல்களை இப்போதே வாங்க வேண்டாம். கவுண்டரில் உட்கார்ந்து ஐம்பது வவுச்சர் பார்த்தபின் படித்தால் பாதி ஏற்கெனவே தெரிந்திருக்கும்.

அதுவரை, இந்த ஒரு மாதத்துக்கு வேலை ஒன்று தருகிறேன். உங்கள் வீட்டு பீரோவில் அப்பா பெயரில் பழைய ஆயுள் காப்பீட்டுப் பாலிசி ஏதாவது இருக்கும், எடுங்கள். முதல் பக்கத்தில் கட்டம் கட்டமாக இருப்பது 'ஷெட்யூல்', கால அட்டவணை இல்லை, விவரப் பட்டியல். அதில் 'சம் அஷ்யூர்ட்' (காப்பீட்டுத் தொகை), 'டேட் ஆஃப் கமென்ஸ்மென்ட்' (தொடங்கிய தேதி), 'டேட் ஆஃப் மெச்சூரிட்டி' (முதிர்வுத் தேதி) எல்லாம் இருக்கும். 'நாமினி' கட்டத்துக்கு வந்ததும் நில்லுங்கள். அதை வாரிசு என்று மொழிபெயர்க்காதீர்கள். பொதுவாக நாமினி என்பவர் பணத்தைப் பெற்றுக்கொள்ள உரிமை உள்ளவர், வாரிசுகளுக்காக வாங்கி வைத்திருப்பவர் மாதிரி. ஆயுள் காப்பீட்டில் மட்டும் 2015 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு பெற்றோர், கணவன் அல்லது மனைவி, பிள்ளைகள் நாமினியாக இருந்தால் பணம் அவர்களுக்கே சொந்தம் என்று சட்டம் சொல்கிறது. கல்யாணத்துக்கு முன் எடுத்த பாலிசி என்றால் அந்தக் கட்டத்தில் பெரும்பாலும் உங்கள் பாட்டியின் பெயர் இருக்கும், யாரும் மாற்றியிருக்க மாட்டார்கள். அப்பாவிடம் கேளுங்கள். மாற்ற வேண்டும் என்றால் 'சேஞ்ச் ஆஃப் நாமினேஷன்' படிவத்தை வாங்கி வந்து, அவர் கையெழுத்தைத் தவிர மற்றதையெல்லாம் ஆங்கிலத்தில் நீங்களே நிரப்புங்கள்.